ஒரே கேன், இரண்டு எரிபொருள்: வெள்ளவத்தை மொட்டைமாடித் தீ விபத்து ஒன்றின் ஆய்வு

2022 டிசம்பர் விடுமுறையில் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள தொடர்மாடி ஒன்றின் மொட்டைமாடியில் அரிக்கன் லாம்பு ஒன்று சீறி எரிந்தது. பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனின் வலது காலும் இரு கைகளும் வெந்துபோயின. மறுநாள் விடியற்காலையில் நக்கிள்ஸ் மலைப்பக்கம் முகாமிடப் புறப்படவிருந்த நண்பர்கள், லாம்பையும் அடுப்பையும் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் இரசாயனவியல் கற்பிப்பவன் என்பதால், காயப்பட்டவனின் தந்தை சில நாட்கள் கழித்து என்னிடம் வந்தார். "ஐயா, மண்ணெண்ணெய் ஊற்றிய லாம்பு எப்படி வெடிக்கும்?" என்று கேட்டார். அவருடைய கேள்விக்கு நான் தேடிய பதிலே இந்த ஆய்வு. குடும்பத்தாரின் சம்மதத்துடன், எவருடைய பெயரையும் சொல்லாமல் எழுதுகிறேன்.

அந்த மாலை

ஆறு பேரும் ஒரே பாடசாலையின் முன்னாள் சாரணர்கள். அரிக்கன் லாம்பு இரண்டு, திரி அடுப்பு ஒன்று, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பெரியப்பா மகன் கொண்டுவந்த சிறிய முகாம் அடுப்பு ஒன்று ஆகியவை அவர்களிடம் இருந்தன. முகாம் அடுப்பு, அலுமினியப் போத்தலில் எரிபொருளை நிரப்பிக் காற்றடித்துப் பயன்படுத்தும் வகை. எல்லாவற்றுக்கும் எரிபொருள் ஒரே கேனிலிருந்துதான் வந்தது. ஐந்து லீற்றர் கொள்ளும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கேன், ஒரு காலத்தில் சமையல் எண்ணெய் வந்த கேன். அதன் பழைய லேபிள் பாதி கிழிந்த நிலையில் அப்படியே ஒட்டியிருந்தது.

இருட்டத் தொடங்கியிருந்தது. காற்று அதிகம் இல்லை. இரண்டு லாம்புகளையும் முகாம் அடுப்பின் போத்தலையும் நிரப்பினார்கள். கேனை மூடாமல், கைக்கெட்டும் தூரத்தில் தரையில் வைத்துவிட்டு முதல் லாம்பைப் பற்றவைத்தார்கள். சில நிமிடங்கள் அது ஒழுங்காகவே எரிந்தது. பிறகு சுவாலை மெல்ல மெல்ல உயர்ந்து சிமினியின் வாயைத் தாண்டியது. கறுப்புப் புகை எழுந்தது. லாம்பின் எரிபொருள் தாங்கிப் பக்கமிருந்து ஒருவித முனகல் ஒலி கேட்டதாக மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இளைஞன் திரியை இறக்கினான். சுவாலை இறங்கவில்லை.

திரியை இறக்கியும் தணியாத சுவாலை, திரியிலிருந்து வரும் சுவாலை அல்ல. தாங்கிக்குள் பெருகும் ஆவி, திரியைச் சுற்றியுள்ள இடைவெளிகளின் வழியே தானாக வெளியேறி எரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. அந்தக் கணத்தில் லாம்பைத் தொடாமல் எல்லோரும் விலகியிருந்தால், சீமெந்துத் தரையில் அது தன்பாட்டில் எரிந்து முடிந்திருக்கக் கூடும். ஆனால் பக்கத்தில் திறந்த கேன் இருக்கிறதே என்ற பதற்றத்தில் அவன் லாம்பைத் தூக்கிக்கொண்டு மதில் பக்கம் ஓடப் பார்த்தான். பிறரைக் காக்க நினைத்த அவனை யாராலும் குறை சொல்ல முடியாது. லாம்பு சரிந்தது. மூடியோரமாகக் கசிந்த திரவம் தீப்பிடித்து அவன் கைகளில் வழிந்தது. லாம்பு கீழே விழுந்தது. தரையில் ஓடிய தீ கேனை எட்டியதும் 'தும்' என்ற ஓசையுடன் கேனின் வாயிலிருந்து நெருப்பு பீறிட்டுக் காலைச் சுட்டது.

ஒருவன் வாளித் தண்ணீரை எரியும் தரைமீது வீசினான். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. தண்ணீரின் மேல் மிதந்தபடியே தீ, மழைநீர் வடியும் குழாய் வாய்வரை பரவியது. குழாய் இறங்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அங்கே தீ போய்ச் சேராதது நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும். இதற்குள், கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கீழ்மாடி அன்ரி ஈரப் படுக்கை விரிப்பொன்றை இழுத்து அவன் காலைச் சுற்றி அமுக்கினார். தீ அணைந்ததும் துணியை விலக்கி, தண்ணீர்க் குழாயடியில் உட்காரவைத்து, இருபது நிமிடம் விடாமல் காயத்தின்மேல் தண்ணீர் ஓடவிட்டார். யாரோ பற்பசையோடு ஓடிவந்தபோது, "ஒன்றும் பூசாதீர்கள் தம்பி, தண்ணீர் மட்டும் போதும்" என்று தடுத்ததும் அவர்தான். எரியும் எண்ணெய்மீது தண்ணீர் வீசுவது தவறு. வெந்த உடலின்மீது தண்ணீர் ஓடவிடுவது சரி. இரண்டும் ஒரே மாடியில் ஒரே நேரத்தில் நடந்தன.

1990 இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். கைக்காயங்கள் மேலோட்டமானவை. காலில் ஒரு பகுதிக்குத் தோல் ஒட்ட வேண்டியிருந்தது.

கேனின் வரலாறு

இந்த விபத்து டிசம்பரில் தொடங்கவில்லை. அதன் வேர் அந்த ஆண்டின் நடுப்பகுதியில் இருக்கிறது.

2022 நடுப்பகுதியில் கொழும்பில் இருந்த எவருக்கும் எரிபொருள் தட்டுப்பாட்டில் காலி வீதியில் நின்ற வரிசைகளை விளக்கத் தேவையில்லை. கேனில் பெற்றோல் விற்பதற்குத் தடை வந்தபின், வாகனத் தாங்கியில் நிரப்பிக்கொண்டு வந்து வீட்டில் குழாய் போட்டு உறிஞ்சிச் சேமித்தவர்கள் பலர். இந்தத் தந்தையும் அதையே செய்தார். அவசரத்துக்கு மகளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிவந்தால் என்ன செய்வது என்ற அச்சம் அவருக்கு. அந்த நாட்களின் அச்சம் பொய்யல்ல. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டு வழங்கும் கியூஆர் முறை அறிமுகமாகி நிலைமை கொஞ்சம் சீரானதும் சேமித்ததை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிட்டார். கேனின் அடியில் ஏறத்தாழ அரை லீற்றர் எஞ்சியது. இறுக மூடி, மாடிப்படிக்குக் கீழே வைத்தார்.

ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. மின்வெட்டுக்கு லாம்பு கொளுத்தக் கொஞ்சம் இருக்கட்டும் என்று தாயார் செப்டெம்பரில் நான்கு லீற்றருக்கு மேல் வாங்கினார். அதற்கு எடுத்தது அதே கேன். அடியில் கிடந்ததை மண்ணெண்ணெய் மிச்சம் என்று நினைத்தார். அந்த விலைக்கு யார்தான் அதைக் கீழே ஊற்றுவார்கள்? கணவர் மனைவியிடம் சொல்லவில்லை. மனைவி கணவரிடம் கேட்கவில்லை. ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தால் இருவரும் பேசியிருக்கவே வேண்டாம்.

நிரப்பும்போது வாசனை சற்று வேறாக இருப்பதை ஒருவன் கவனித்திருக்கிறான். அவனுடைய ஐயத்தை அடக்கியது முகாம் அடுப்பு. அன்று பிற்பகல் கனடாவிலிருந்து வந்த அண்ணனுடன் நடந்த பேச்சு இது:

"அண்ணா, இந்த அடுப்புக்கு எதை ஊற்ற வேண்டும்?"

"பெற்றோலும் எரியும், மண்ணெண்ணெயும் எரியும். எதுவானாலும் பரவாயில்லை."

அண்ணன் சொன்னது அந்த அடுப்பைப் பொறுத்தவரை உண்மை. பல எரிபொருள்களை ஏற்கும்படி செய்யப்பட்ட முகாம் அடுப்புகளில் எரிபொருள் போத்தல் சுவாலையிலிருந்து ஒரு குழாயின் நீளத்துக்குத் தள்ளி நிற்கும். எரிபொருள் வெளிவரும் துளைமுனையை அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டால் வெவ்வேறு எரிபொருளை எரிக்கலாம். அரிக்கன் லாம்பில் தாங்கி சுவாலைக்கு நேர் கீழே இருக்கிறது. ஓர் அடுப்பைப் பற்றிய உண்மையை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக்கியதில்தான் ஐயம் கரைந்துபோனது. ஒரே கேனிலிருந்து இரு வகைக் கருவிகளுக்கும் ஊற்றும் பழக்கம் அந்தக் குழப்பத்துக்கு வழி திறந்தது.

கலவை ஏன் இரண்டையும்விடக் கொடியது

தந்தையிடம் இதை விளக்கவே எனக்கு அதிக நேரம் பிடித்தது. அவருடைய வாதம் இயல்பானது: பெற்றோல் ஆபத்தானது, மண்ணெண்ணெய் அவ்வளவு ஆபத்தில்லாதது, ஆகவே பத்துப் பங்கில் ஒரு பங்கு பெற்றோல் கலந்தால் ஆபத்தும் பத்தில் ஒரு பங்குதானே கூடும்? இல்லை.

திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவியும் காற்றுடன் குறிப்பிட்ட அளவில் கலந்திருந்தால் மட்டுமே தீப்பற்றும். பெற்றோல் ஆவிக்கு அந்த எல்லை காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை. குறைந்தாலும் எரியாது, கூடினாலும் எரியாது.

தூய மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றப் போதிய ஆவியை விடுவதில்லை. கொழும்பின் மாலை வெப்பத்தில், மூடிய மண்ணெண்ணெய்த் தாங்கியின் வெற்றிடத்தில் உள்ள ஆவி கீழ் எல்லையைத் தொடாது. அரிக்கன் லாம்பு தலைமுறைகளாக நம் வீடுகளில் எரிந்தது இந்த இடைவெளியை நம்பித்தான். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றக் கூடியது. ஆனால் தூய பெற்றோல் உள்ள மூடிய கேனின் வெற்றிடம் நம் வெப்பநிலையில் ஆவியால் நிறைந்து மேல் எல்லையைத் தாண்டிவிடும். கேனுக்கு வெளியே, காற்றோடு கலக்கும் இடத்தில் அது கொடியது. கேனுக்குள்ளே எரியப் போதுமான காற்று இல்லை.

மண்ணெண்ணெயில் சிறிதளவு பெற்றோல் கலந்தால், உள்ளே இருக்கும் ஆவி இந்த இரு எல்லைகளுக்கும் நடுவே வந்து நிற்கிறது. நான்கு, ஐந்து லீற்றரில் அரை லீற்றர் என்றால் என் கணக்கில் அது அந்த வரம்புக்குள்ளேயே விழுகிறது. அதாவது கேனுக்குள்ளும் லாம்பின் தாங்கிக்குள்ளும் இருந்த வெற்றிடமே வெடிக்கத் தயாரான கலவையாகிவிட்டது. கேன் வாயிலிருந்து நெருப்பு வெறுமனே எரியாமல் ஏன் பீறிட்டது என்பதற்கும், அந்த 'தும்' ஓசைக்கும் காரணம் இதுதான். கலப்பட மண்ணெண்ணெய் பல நாடுகளில் குடும்பங்களை எரித்திருப்பதும் இதனால்தான்.

பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயை மண்ணெண்ணெயாக்க வழி கிடையாது. மேலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஐதாக்கலாமா என்று அந்த இளைஞர்களில் ஒருவன் என்னிடம் கேட்டான். கூடாது. கலவை எந்த அளவில் பாதுகாப்பாகும் என்று வீட்டில் எவராலும் அளக்க முடியாது. கொஞ்சம் பற்றவைத்துச் சோதிப்பதும் கூடாது. ஐயம் வந்தால் அதைப் பெற்றோல் என்றே கொள்ள வேண்டும்: லாம்பிலோ திரி அடுப்பிலோ ஊற்றக் கூடாது, வடிகாலிலும் ஊற்றக் கூடாது. இரண்டாவது லாம்பிலும் முகாம் அடுப்பின் போத்தலிலும் எஞ்சியிருந்ததை உலோகக் கலன் ஒன்றில் சேர்த்து, 'பெற்றோல் கலந்தது' என்று எழுதி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் கராஜ் ஒன்றிடம் ஒப்படைத்தோம்.

இலங்கையில் விளக்குத் தீக்காயம் பற்றிப் பேசும்போது வைத்தியர் விஜய கொடகும்புரவை நினைக்காமல் இருக்க முடியாது. குப்பி விளக்கு சரிந்து வெந்தவர்களுக்குச் சிகிச்சையளித்துச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் அவர். மார்மைட் போத்தலின் குட்டையான உருவத்தைப் பார்த்து, கனமான அடியும் தட்டையான இரு பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட 'சுதீப' விளக்கை உருவாக்கினார். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஏழை வீடுகளின் இரவுகளுக்காக அவர் செய்தது பெரும் தொண்டு. சரிந்தாலும் உருளாத, சிந்தாத விளக்கு அது. ஆனால் எந்த விளக்கின் வடிவமும் உள்ளே ஊற்றிய எரிபொருளின் குணத்தை மாற்றாது.

மாடிப்படிக்குக் கீழே

கேன் மாதக்கணக்கில் கிடந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். மின்மானிப் பெட்டிகள், தண்ணீர் மோட்டார், பழைய செய்தித்தாள், இரண்டு சைக்கிள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகள் பலவற்றில் மேலிருந்து இறங்க ஒரே படிக்கட்டுத்தான் உண்டு. அதன் அடியில் எரிபொருள் வைப்பது, அத்தனை குடும்பங்களும் தப்பும் வழியில் தீயை வைப்பதற்குச் சமம். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது எழுந்து கலைந்துபோகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மோட்டார் இயங்கத் தொடங்கும்போது எழும் ஒரு பொறி போதும். மாடிப்படித் தீ நிகழாமல் போனதற்கு, மூடி இறுகியிருந்தது ஒன்றே காரணம்.

தொடர்மாடியில் வாழ்பவர்களுக்கு என் கருத்து வெளிப்படையானது: பெற்றோலை வீட்டில் வைக்கவே வேண்டாம். மண்ணெண்ணெய் வேண்டுமென்றால் ஓரிரண்டு லீற்றர். எரிபொருளுக்கென்றே செய்த கலனில். பெயரும் வாங்கிய திகதியும் எழுதி. வெயில் படாத, காற்றோடும் பல்கனி மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாமல், எரிவாயு சிலிண்டருக்கும் அடுப்புக்கும் தூரமாக. சமையல் எண்ணெய்க் கேனும் தண்ணீர்ப் போத்தலும் கூடவே கூடாது.

அன்று அந்தப் பைகளுக்குள் இன்னொன்றும் இருந்தது. ஒரு தண்ணீர்ப் போத்தலில் பாதியளவு மெதிலேற்றட் ஸ்பிரிட். முகாம் அடுப்பின் தலையைச் சூடாக்கக் கொண்டுவந்தது. நிறமில்லாத திரவம், லேபிள் இல்லாத போத்தல், மலை ஏறிக் களைத்து வரும் ஆறு பேர். ஸ்பிரிட்டில் கலந்திருக்கும் மெதனோல் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். தீ விபத்து நிகழாமல் அவர்கள் புறப்பட்டிருந்தால், மலையில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன். ஸ்பிரிட்டின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணிப் போத்தலிலிருந்து மறுபடி ஊற்றினால், தீ கையிலுள்ள போத்தலுக்கே ஏறிவரும்.

போகவிருந்த பாதை

மறுநாள் வாடகை வானில் மாத்தளை வழியாகப் போவது அவர்களின் திட்டம். கேன், பின்னிருக்கைக்குப் பின்னால் பைகளுக்கு நடுவே. வழியில் சாப்பிட நிறுத்தினால், வெயிலில் பூட்டிய வானின் உள்வெப்பம் 50 பாகையைத் தாண்டக் கூடும். அந்த வெப்பத்தில் தூய மண்ணெண்ணெய்கூட 38 பாகை என்ற தன் காவலை இழந்துவிடுகிறது. மண்ணெண்ணெய் 'பாதுகாப்பானது' என்ற சொல் கொழும்பு வெயிலில் நின்ற வண்டிக்குள் செல்லாது.

வெப்பத்தால் திரவம் விரியவும் செய்யும். ஐந்து லீற்றர் 20 பாகை சூடேறினால் 100 மில்லிலீற்றர் அளவு கூடும். விளிம்புவரை நிரப்பிய கேன் கசிவது இதனால்தான்; இருபதில் ஒரு பங்கு இடமாவது விட வேண்டும். மலையேறும்போது வெளிக் காற்றழுத்தமும் குறைகிறது. 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியில் அது கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கடல்மட்டத்தில் இறுக மூடிய கலனை அங்கே சட்டெனத் திறந்தால் உள்ளிருக்கும் ஆவி சீறிக்கொண்டு வெளிவரும். மூடியை முகத்துக்கு அப்பால் பிடித்து, சிறிது சிறிதாகத் தளர்த்தித் திறக்க வேண்டும். பக்கத்தில் எந்தச் சுவாலையும் இருக்கக் கூடாது. பஸ்ஸிலும் ரயில் பெட்டியிலும் எரிபொருள் ஏற்றவே வேண்டாம். நெரிசலான பெட்டியில் ஒருவர் புகைத்தால், தப்ப இடமில்லாத அத்தனை பயணிகளும் நம் பொறுப்பு.

உண்மையில், அந்தப் பயணத்துக்குக் கொழும்பிலிருந்து எரிபொருள் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. ஆறு பேர் இரண்டு இரவு சமைக்கவும் லாம்பு எரிக்கவும் இரண்டு லீற்றர் தாராளம். வெறும் கலனுடன் போய், மலைக்கு முந்திய கடைசி ஊரின் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் மண்ணெண்ணெயாகவே கேட்டு வாங்கலாம். கலனை வண்டிக்குள் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறிக்கும் வாய்ப்புக் குறையும். முகாமில் லாம்பை ஆறியபின் நிரப்பி, சிந்தியதைத் துடைத்து, கலனை மூடிப் பத்தடி தூரம் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் தீக்குச்சியை எடுக்க வேண்டும். வெள்ளவத்தை மாடியில் கலவையே இருந்திருந்தாலும், இந்தக் கடைசிப் பழக்கம் ஒன்று இருந்திருந்தால் அவன் காலில் இன்று தழும்பு இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

பிறகு

தந்தை பல வாரங்கள் தன்னையே நொந்துகொண்டிருந்தார். வரிசையில் நின்று களைத்த ஒரு மனிதர் தன் பிள்ளைகளுக்காகச் சேமித்ததன் விளைவு இது. குற்றவாளி தேடும் வேலை இங்கே இல்லை என்று அவரிடம் சொன்னேன், இங்கும் சொல்கிறேன். அந்தத் தொடர்மாடியின் குடியிருப்பாளர் கூட்டத்தில் அவரே எழுந்து நடந்ததை விவரித்தார். அதன் பிறகு மாடிப்படிக்கு அடியிலிருந்து வேறு வீடுகளின் கேன்களும் வெளியே வந்தன. அவற்றில் இரண்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்களுக்கே தெரியவில்லை. இப்போது மொட்டைமாடியிலும் வாகனத் தரிப்பிடத்திலும் மணல் வாளிகளும் உலர்தூள் தீயணைப்பானும் இருக்கின்றன. தீயணைப்புச் சேவையின் 110 இலக்கம் படிக்கட்டுச் சுவரில் மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது.

கனடா திரும்பும் அண்ணனின் அடுப்பைப் பற்றியும் என்னிடம் கேட்டார்கள். பயன்படுத்திய திரவ எரிபொருள் அடுப்பை விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. தாங்கியை முழுவதும் வடித்து ஒரு மணி நேரமாவது விட்டு, பிறகு குறைந்தது ஆறு மணி நேரம் மூடியில்லாமல் திறந்துவைத்து எஞ்சிய ஆவியைப் போக்க வேண்டும். அல்லது சமையல் எண்ணெய் விட்டு அலசி வடிக்கலாம். பின்னர் உறிஞ்சும் துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் இட வேண்டும். எரிபொருளை எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. வாசனை வந்தாலே திருப்பி அனுப்புவார்கள். அவர் அடுப்பை எண்ணெய் விட்டு அலசி, விமான நிறுவனத்துக்கு எழுதி அனுமதி பெற்று எடுத்துச் சென்றார். கலவை ஊறியிருந்த அலுமினியப் போத்தலை எடுத்துச் செல்ல வேண்டாம் என்றேன். அதை கராஜுக்கே கொடுத்துவிட்டார்கள்.